சாய்ஸ் லிஸ்ட்: எட்டாத கல்லூரியை முதலில் போடலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 85. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. பொறியியல் கலந்தாய்வில் பெரிய கல்லூரிகளை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கக்கூடியதை முதலில் போடுங்கள் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இந்தத் தவறான பேச்சை நம்பித்தான் பல பிள்ளைகள் நல்ல இடத்தை இழக்கிறார்கள்.

கணிதம் 100-க்கு, இயற்பியல், வேதியியல் தலா 50-க்கு என்று கணக்கிட்டால் மகளின் கட்-ஆஃப் 92 + 44 + 42.5 = 178.5. தரவரிசைப்படி அவருடைய முறை வரும்போது கணினி அவர் லிஸ்டை மேலிருந்து கீழே பார்க்கும். முதல் சாய்ஸில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். எட்டாத 20 கல்லூரிகளை மேலே போட்டாலும் 21-வது சாய்ஸுக்கான வாய்ப்பு துளியும் குறையாது. ஆனால் சுமாரான கல்லூரியை முதலில் போட்டு அங்கே இடமும் இருந்தால், அதற்குக் கீழே உள்ள எதையும் கணினி பார்க்காது. ஆகவே வரிசை ஆசைப்படி இருக்கட்டும். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது, தாராளமாகப் போடுங்கள்.

எதெல்லாம் எட்டும் என்று பார்க்க, போன வருடக் கட்-ஆஃபை மட்டும் நம்ப வேண்டாம். கணிதத் தாள் எளிதாக இருந்த வருடத்தில் அதே 178.5 பின்னால் போய்விடும். தரவரிசை எண்ணையும் சமூகப் பிரிவு வரிசை எண்ணையும் வைத்து, அந்தப் பிரிவில் போன வருடம் கடைசியாக இடம் வாங்கியவரின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவு என்பது ஒரு சாய்ஸ். அதே கல்லூரியின் ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் எல்லாம் தனித்தனி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பதற்காக ஆசிரியர்களே சரியாக இல்லாத கல்லூரிக்குப் போவதைவிட, நல்ல கல்லூரியில் ஐடி எடுப்பது மேல் என்பதே எங்கள் கருத்து. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான், கல்லூரி முழுமைக்கும் அல்ல. அவர் கேட்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரை நம்பாமல் கல்லூரி எண்ணைச் சரிபாருங்கள். கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி வேறு, இடையில் ‘எஞ்சினியரிங் அண்ட்’ என்று வருகிற கல்லூரி வேறு. அவசரத்தில் மாற்றிப் போட்டு லாக் ஆகிவிட்டால் அந்தச் சுற்றில் திருத்த முடியாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிப்படுத்த மிகக் குறைந்த அவகாசமே இருக்கும். அதை விட்டால் இடம் போய்விடும். கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்கும் காத்திருக்கலாம். ஆனால் மேலே ஒன்று கிடைத்த நொடியே பழைய இடம் தானாக ரத்தாகும், திரும்பக் கேட்க வழியில்லை. போக மனமில்லாத கல்லூரி மேலே இருக்கக் கூடாது என்பது இதனால்தான். கையிலுள்ளதை விட்டுக்கொடுத்து மேலே காத்திருக்கும் வாய்ப்பை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். மேலே கிடைக்காவிட்டால் இரண்டும் போய்விடும்.

வீட்டில் மகள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.