பாரதியார் கவிதைகள் முழுத் தொகுப்பை ஒருவர் பொக்கிஷம் என்கிறார், இன்னொருவர் சலிப்பு என்கிறார். எது சரி?

இரண்டுமே சரிதான்; படித்த வழிதான் வேறு. வழக்கமான பதிப்புகளில் தேசிய கீதங்கள், தோத்திரப் பாடல்கள் என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பார்கள். வரிசையாகப் படித்தால் சக்தி பாடல்களாகவே அடுத்தடுத்து வந்து அலுப்புத் தட்டும்.

கால வரிசையில் படித்தால் கவிஞர் வளர்வது தெரியும். 1904-இல் நம்ம மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டு இங்கே 'விவேகபாநு' இதழில் வந்த 'தனிமை இரக்கம்' அகராதி கேட்கும் நடை. 1912-இல் 'பாஞ்சாலி சபதம்' முன்னுரையிலோ எளிய பதம், எளிய நடை வேண்டும் என்று அவரே எழுதுகிறார். எட்டே வருடத்தில் எவ்வளவு தூரம்!

புதிதாகப் படிப்பவர் முதலில் 'கண்ணன் என் சேவகன்' எடுங்கள். பானைக்குள் இருந்த தேள் பல்லால் கடித்தது என்று சாக்குச் சொல்லும் வேலையாட்கள் அதில் வருகிறார்கள். அப்புறம் குயில் பாட்டு. தோத்திரப் பாடல்களை ராகத்தோடு கேட்டுவிட்டுப் படியுங்கள்.