பதவி உயர்வு வந்திருக்கிறது, ஆட்டிசம் இருப்பதைச் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் பெற்றோருடன் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்கு பார்க்கிறேன். இது என் நான்காவது வேலை. முந்தைய மூன்றையும் நானே விட்டேன். ஏன் விட்டேன் என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. அக்காள் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு நானும் பரிசோதனைக்குப் போனேன். எனக்கும் அதுவே என்று சென்ற ஆண்டு உறுதியானது. சிறு வயதில் காவடித் திருவிழாவின் மேளச் சத்தம் தாங்காமல் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். இப்போதும் வேலை முடிந்து வந்தால் பேசத் தெம்பின்றி இருட்டறையில் படுத்துவிடுகிறேன். இந்த நிலையில், பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளராகச் சொல்கிறார் மேலாளர். மருந்து உண்டா? அலுவலகத்தில் சொல்லலாமா? பதவியை ஏற்கலாமா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முன்பாக, இருட்டறையில் படுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அது சோம்பலும் இல்லை, பலவீனமும் இல்லை. சரக்கு வண்டி பின்னோக்கி நகரும்போது எழுப்பும் கூவல், தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கு, பக்கத்து மேசைப் பேச்சு ஆகியவற்றை மற்றவர்களின் மூளை தானாகவே ஒதுக்கிவிடுகிறது. உங்கள் மூளையோ அத்தனையையும் ஒரே அளவில் உள்ளே விடுகிறது. அதோடு, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும், இயல்பானவர் போலத் தோன்ற வேண்டும் என்று நாள் முழுதும் உங்களை நீங்களே கண்காணித்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு பார்ப்பது ஒரு வேலை, இது இன்னொரு வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் இல்லை. முந்தைய மூன்று வேலைகளையும் விட்டதற்கு உங்களால் விளக்கம் சொல்ல முடியாமல் போனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

ஆனாலும் எல்லாக் களைப்பையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, தூக்கக் கோளாறு ஆகியவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பதற்ற நோயும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. ஆட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை, மாற்றவும் தேவையில்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் நல்ல சிகிச்சை உண்டு. வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எப்போதாவது எழுந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடமோ 0800 567 567 என்ற உதவி எண்ணிலோ பேசுங்கள்.

இத்தனை ஆண்டுகள் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று உங்கள் பெற்றோர் வருந்த வேண்டாம். நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில், பேச்சு தாமதமான ஆண்பிள்ளைகளைத்தான் மருத்துவர்கள் இந்தக் கோணத்தில் பார்த்தார்கள். நன்றாகப் படிக்கும் அமைதியான பெண்ணைக் கூச்ச சுபாவம் என்று சொல்லிவிட்டார்கள். தமிழில் இதற்கு வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. உங்கள் மதியில் எந்த இறுக்கமும் இல்லை.

இனி, அலுவலகத்தில் சொல்வதைப் பற்றி. சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் உங்களை வற்புறுத்தவில்லை. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், உடல் அல்லது மனக் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேலையைச் செய்வதற்கு ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டிய பொறுப்பையும் முதலாளி மீது வைக்கிறது. அந்த வசதிகளை முறைப்படி கேட்கும்போது மருத்துவச் சான்று கேட்கப்படலாம். நீங்கள் தரும் விவரத்தை அவர்கள் இரகசியமாகக் காக்க வேண்டும். ஆகவே என் ஆலோசனை, கிடங்கு முழுவதற்கும் சொல்ல வேண்டாம், மேலாளர், மனிதவள அதிகாரி ஆகிய இருவருக்கு மட்டும் எழுத்தில் சொல்லுங்கள் என்பதே. ஆட்டிசம் என்ற பெயரைவிடத் தேவையை விரிவாக எழுதுவது பயன் தரும்.

என்னிடம் வரும் ஓர் இளைஞர் கணக்கர். அவருடைய மேலாளர் நடந்துகொண்டே வேலை சொல்லிவிட்டுப் போவார். மூன்றாவது வாக்கியத்திலேயே முதல் வாக்கியம் இவருக்கு மறந்துவிடும், மாதத்துக்கு இரண்டு முறை திட்டு வாங்குவார். நானும் அவரும் உட்கார்ந்து நான்கே வரியில் ஒரு கடிதம் எழுதினோம்: வேலையை மின்னஞ்சலில் சொல்ல வேண்டும், மேசையைச் சுவர் ஓரமாக மாற்ற வேண்டும், காதில் ஒலித்தடுப்பான் அணிய அனுமதி வேண்டும், மினிபஸ் டாக்சிகளில் பாட்டு அலறும் காலை நெரிசலைத் தவிர்க்க ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகப் போக வேண்டும். முதலாளிக்கு ஏறக்குறைய ஒரு ரேண்டும் செலவில்லை. திட்டு நின்றது, அவர் அதே வேலையில் ஐந்தாவது ஆண்டில் இருக்கிறார். உங்கள் கிடங்கில் ஒலித்தடுப்பானால் வண்டியின் எச்சரிக்கை ஒலி கேட்காமல் போகக் கூடாது என்பதை மட்டும் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பதவியைப் பொறுத்தவரை, இப்போது சொல்லப்பட்டிருக்கும் வடிவில் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஆட்டிசம் உள்ளவர் ஆட்களை நடத்த முடியாது என்பதற்காக அல்ல; தெளிவாகவும் ஒளிவுமறைவின்றியும் பேசுவதாலேயே நல்ல மேற்பார்வையாளராக இருப்பவர்களை நான் அறிவேன். மற்றவர்களின் மனம் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் புரியாதது போல ஆட்டிசம் உள்ளவர்களின் மனமும் மற்றவர்களுக்குப் புரிவதில்லை என்பதை 2012இல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் எடுத்துக்காட்டினார். இருபுறமும் உள்ள இடைவெளிக்கு ஒருபுறத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. உங்கள் தயக்கம் எதன் மீது என்று பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு பேரின் கணக்கைச் சரிபார்ப்பதா, ஷிஃப்ட் பட்டியலுக்காக எழும் சண்டைகளைத் தீர்ப்பதா, எந்நேரமும் ஒலிக்கும் தொலைபேசியா? முதலாவதில் நீங்கள் தேர்ந்தவர். எனவே, அந்தப் பதவியில் செய்ய வேண்டியவற்றை எழுதித் தரக் கேளுங்கள். ஆள் விவகாரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு இருப்புத் தணிக்கையின் முழுப் பொறுப்பையும் அதற்குரிய சம்பளத்தோடு உங்களுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், மூன்று மாதச் சோதனைக் காலமும், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பும் உறுதியும் எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் சொன்ன பிறகு உங்களை மோசமாக நடத்தினால், அந்தப் பாகுபாட்டுப் புகாரை ஆறு மாதத்துக்குள் சி.சி.எம்.ஏ. எனப்படும் தொழில் தகராறு சமரச ஆணையத்திடம் கொண்டு போகலாம். வேலையிலிருந்தே நீக்கினால் கெடு முப்பது நாட்கள்தான். கட்டணம் இல்லை. கடிதங்களின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் ஆக்‌ஷன் இன் ஆட்டிசம் என்ற அமைப்பு இயங்குகிறது. உங்கள் அக்காளுக்கும் அங்கே வழிகாட்டுவார்கள்.

மேலாளருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரைவை, இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு உங்கள் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் தரும் சான்றும் உங்கள் கடிதமும் ஒரே தேவைகளைச் சொல்ல வேண்டும்.