டிரா எடுத்திருந்தால் போதும்: 1985-86 ஸ்காட்லாந்து கால்பந்து சீசன், கேள்வி-பதில்

ஸ்காட்லாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் டிவிஷனின் 1985-86 சீசனைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: கடைசி நாள் வரை முதலிடத்தில் இருந்த எடின்பரோ நகரின் ஹார்ட்ஸ் எப்படிப் பட்டத்தைக் கோட்டைவிட்டது?

1986 மே 3, சனிக்கிழமை. கடைசி ஆட்டத்துக்கு முன் ஹார்ட்ஸ் 50 புள்ளி, செல்டிக் 48. அந்தக் காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான். டண்டி அணியோடு டென்ஸ் பார்க்கில் ஒரு டிரா எடுத்தால் பட்டம் ஹார்ட்ஸுக்கு. தோற்றாலும், பெய்ஸ்லி நகரில் செயின்ட் மிரனோடு ஆடிய செல்டிக் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்காமல் இருந்தால் சரி.

செல்டிக் இடைவேளைக்குள்ளேயே நான்கு கோல் போட்டுவிட்டது. அதில் மூன்றாவது கோலைப் பழைய வீடியோவில் கட்டாயம் பாருங்கள். சொந்தப் பெனால்டி பகுதிக்குப் பக்கத்தில் டேனி மெக்ரெய்ன் தொடங்கிய பந்து, கால் மாறிக் கால் மாறி மைதானத்தின் மறுமுனைக்குப் போகிறது. கடைசியில் பிரையன் மெக்ளேர் குறுக்கே தட்டிவிட, மோ ஜான்ஸ்டன் வலைக்குள் தள்ளுகிறார். பட்டம் தங்கள் கையில் இல்லை என்று தெரிந்த அணி இவ்வளவு நிதானமாக ஆடியதுதான் எனக்கு ஆச்சரியம்.

டென்ஸ் பார்க்கில் 83-வது நிமிடம் வரை 0-0. அப்புறம் ஒரு கார்னர். பந்தை ஒருவர் தலையால் தட்டிவிட, மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஆல்பர்ட் கிட் கோலுக்குள் அடித்தார். அதுவரை அந்த சீசனில் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காதவர். பெய்ஸ்லியில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்த செல்டிக் ரசிகர்கள் திடீரென்று கத்தினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கண்முன் நடந்த ஆட்டத்தில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. சில நிமிடங்களில் கிட் இன்னொன்றும் அடித்தார். டண்டி 2, ஹார்ட்ஸ் 0. செல்டிக் 5, செயின்ட் மிரன் 0. இரண்டு அணிக்கும் 50 புள்ளி. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதாவது அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தது, பார்ப்பதுதான் அன்றைய விதி. அதில் முந்திய செல்டிக்குக்குப் பட்டம்.

கணக்குப்படி பார்த்தால் அந்த இரண்டாவது கோல் தேவையே இல்லை. முதல் கோலோடு ஹார்ட்ஸின் கோல் வித்தியாசம் 27-க்கு இறங்கியிருந்தது. செல்டிக் 29-ல் நின்றது.

கே: அன்றைக்கு வெற்றிக்கு 3 புள்ளி என்ற இன்றைய முறை இருந்திருந்தால்?

எந்த மாற்றமும் இல்லை. இரண்டு அணியும் 36 ஆட்டத்தில் 20 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி. எப்படிக் கூட்டினாலும் சமம்.

ஆனால் வேறொரு விதியை மாற்றிப் பாருங்கள். செல்டிக் அடித்தது 67, வாங்கியது 38. ஹார்ட்ஸ் அடித்தது 59, வாங்கியது 33. கழித்தால் செல்டிக் 29, ஹார்ட்ஸ் 26. பழைய முறையில், அதாவது அடித்ததை வாங்கியதால் வகுக்கும் கோல் சராசரியில், ஹார்ட்ஸுக்கு 1.79, செல்டிக்குக்கு 1.76. பட்டம் எடின்பரோவுக்குப் போயிருக்கும்!

இதைவிடக் கொடுமை 1965-ல் நடந்தது. அப்போது கோல் சராசரிதான் விதி. கடைசி நாள் கில்மார்னக் அணி ஹார்ட்ஸின் சொந்த மைதானத்துக்கே வந்து 2-0 என்று ஜெயித்து, 0.04 வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துப் போனது. ஒரு கோலில் தோற்றிருந்தாலும் ஹார்ட்ஸ்தான் சாம்பியன். அந்த சீசனில் ஹார்ட்ஸ் 90 அடித்து 49 வாங்கியது. கில்மார்னக் 62 அடித்து 33 வாங்கியது. கழித்துப் பார்க்கும் விதி இருந்திருந்தால் ஹார்ட்ஸ் கிட்டவே யாரும் வந்திருக்க முடியாது. ஒரு தடவை வகுத்ததால் போச்சு, இன்னொரு தடவை கழித்ததால் போச்சு. இப்படி ஒரு ராசி வேறு எந்த அணிக்கும் வாய்த்து நான் கேள்விப்பட்டதில்லை.

கே: செயின்ட் மிரன் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது என்கிறார்களே?

தோற்றவர்கள் தரப்பில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆதாரம் என்று எதையும் யாரும் காட்டியதில்லை. செல்டிக் அந்தக் கடைசி வாரங்களில் வரிசையாக ஜெயித்துக்கொண்டு வந்த அணி. செயின்ட் மிரனுக்கு அந்த ஆட்டத்தில் பெறவும் இழக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட ஆட்டங்களில் 5-0 வருவதுண்டு.

ஹார்ட்ஸ் ரசிகர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியது மே மாதத்தை அல்ல, ஆகஸ்ட், செப்டம்பரை. முதல் 8 ஆட்டத்தில் 5 தோல்வி. அதில் ஒன்று இதே செயின்ட் மிரனிடம் 6-2. செப்டம்பர் 28-ல் கிளைட்பேங்கிடம் தோற்றார்கள். கடைசி இடத்தில் சீசனை முடித்த அணி அது. அதற்கப்புறம் 27 லீக் ஆட்டங்கள் தோற்கவே இல்லை. அந்த ஐந்தில் ஒன்றை டிரா ஆக்கியிருந்தால் டென்ஸ் பார்க்கில் தோற்றும் சாம்பியன்.

அதோடு, கடைசி வாரத்தில் ஹார்ட்ஸ் முகாமில் காய்ச்சல் புகுந்துவிட்டது. தடுப்பாட்டத்தின் தூணான கிரெய்க் லெவெய்ன் கடைசி ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. என் கணிப்பில் அதுவும் 0-0-வைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு ஒரு காரணம்.

கே: டண்டி அணி எதற்காக அவ்வளவு மும்முரமாக ஆடியது?

ஐரோப்பிய அணிகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையில் ஓர் இடத்துக்காக. அவர்கள் ஜெயித்து, ரேஞ்சர்ஸ் வழுக்கினால் ஐரோப்பிய வாய்ப்பு கிடைத்திருக்கும். ரேஞ்சர்ஸ் அன்று மதர்வெல்லை வென்றுவிட்டது. இரண்டு அணிக்கும் 35 புள்ளி. கோல் வித்தியாசத்தில் டண்டி ஆறாம் இடம். கிட் அடித்த இரண்டு கோலால் அவருடைய அணிக்குக் கடைசியில் கிடைத்தது எதுவும் இல்லை.

கே: ரேஞ்சர்ஸ் ஐந்தாம் இடமா? நம்ப முடியவில்லை.

36 ஆட்டத்தில் 35 புள்ளி, 14 தோல்வி. இத்தனைக்கும் லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் அவர்களுடைய ஆலி மெக்காய்ஸ்ட், 24 கோல். ஏப்ரலில் பயிற்சியாளர் ஜாக் வாலஸை அனுப்பிவிட்டு, இத்தாலியின் சம்ப்டோரியாவில் ஆடிக்கொண்டிருந்த கிரேம் சூனஸை ஆட்டக்காரர்-பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். டெர்ரி புட்சர், கிறிஸ் வுட்ஸ் என்று இங்கிலாந்து தேசிய அணிக்காரர்களையே வடக்கே இழுத்தார் சூனஸ். அடுத்த வருடமே பட்டம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984-85-ல் அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீன் வென்றதுதான், கிளாஸ்கோவின் இரண்டு பெரிய அணிகளுக்கு வெளியே போன கடைசிப் பட்டமாக 2024-25 வரை நின்றது. இடைப்பட்ட 40 சீசனும் செல்டிக் அல்லது ரேஞ்சர்ஸ். அந்த வரிசையை முதல் வருடமே தடுத்திருக்கக்கூடிய அணி ஹார்ட்ஸ். அதனால்தான் டென்ஸ் பார்க்கின் அந்தக் கடைசி ஏழு நிமிடத்தை இன்னும் பேசுகிறார்கள்.

கே: கிட் என்பவர் ஹார்ட்ஸ் கேப்டன் இல்லையா?

அவர் வால்டர் கிட். வேறு ஆள். ஒரு வாரம் கழித்து, மே 10 அன்று, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் ஹார்ட்ஸ் அபர்டீனிடம் 3-0 என்று தோற்றபோது சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவர் இவர். ஆக இரண்டு கோப்பையும் எட்டு நாளுக்குள் கைவிட்டுப் போனது.

கோல் அடித்த ஆல்பர்ட் கிட் சின்ன வயதிலிருந்தே செல்டிக் ரசிகர். பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார். செல்டிக்காரர்கள் கொண்டாடுவது சரி. எடின்பரோவின் மறுபாதியான, ஹார்ட்ஸின் உள்ளூர் எதிரியான ஹிபர்னியன் ரசிகர்களும் தங்கள் அணிக்கு ஒரு பட்டமும் வாங்கித் தராத அவரை இன்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

கே: கடைசி இரண்டு இடங்களில் முடித்த அணிகள் ஏன் கீழே இறங்கவில்லை?

லீக்கை 10 அணியிலிருந்து 12 ஆக்க முடிவு செய்திருந்தார்கள். அதனால் 20 புள்ளி மட்டுமே எடுத்த மதர்வெல்லும் கிளைட்பேங்கும் பிழைத்தன. கீழேயிருந்து ஹாமில்டனும் ஃபால்கர்க்கும் மேலே வந்தன. அடுத்த சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 44 ஆட்டம்.