சித்திர ரீச்சர் பதில்கள்

கேள்வி: ஒரு பெண் பேசினில் இருக்கும் இரத்தத்தில் காலைத் தோய்த்துத் தோய்த்து ரோட்டில் நடக்கும் படம் ஒன்று பார்த்தேன். அதைக் கலை என்கிறார்கள். எதிர்ப்பைக் காட்ட ஒரு ஓவியம் வரைந்தால் போதாதா ரீச்சர்?
- உயர்தர மாணவி, உப்புவெளி

போதாது பிள்ளை. நீ பார்த்தது குவாத்தமாலாவின் ரெஜினா ஹொசே கலிந்தோவை. முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மொன்ற் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கலாம் என்று 2003இல் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்து, அரசியலமைப்பு நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகை வரை மனித இரத்தத்தில் கால் தோய்த்து நடந்தார்.

அதிகாரம் முதலில் கைவைப்பது உடலில்தான். சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கிக் கையை விரித்து நின்ற சனம் நாங்கள். சுற்றிவளைப்பில் தலையாட்டி, அதாவது முகத்தை மூடிக்கொண்டு ஆள்காட்ட வந்தவர், ஒருமுறை தலையசைத்தால், கொண்டுபோன பிள்ளை போனதுதான். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தது என்று முதலில் சொன்னது இராணுவம். பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களிலோ சூட்டுக்காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அறிக்கை பொய் என்று சொன்னது அந்தப் பிள்ளைகளின் உடல்.

சரி, உடலே கிடைக்காவிட்டால்? ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி முடியுமுன்பே, 1983 செப்டம்பர் 21இல், மூன்று ஓவியர்கள் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்துக்குத் தாள்களோடு வந்தார்கள். சனம் தாளில் படுக்க, பக்கத்தில் நின்றவர்கள் சுற்றிக் கோடிழுத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு உயிரோடிருப்பவர் தன் உடலை இரவல் கொடுத்தார். இராணுவ ஆட்சி கர்ப்பிணிகளையும் கடத்தியிருந்தது, அதனால் வயிற்றில் தலையணை வைத்தும் வரைந்தார்கள். தரையில் கிடத்தினால் செத்தவர் மாதிரி இருக்கும், சுவரில் நிமிர்த்தி ஒட்டுங்கள் என்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டார்கள். நம் தாய்மார் வெயிலில் ஏந்தி நிற்கும் படங்களில் முகம் மட்டும்தான். பிள்ளை எவ்வளவு உயரம், தோள் எவ்வளவு அகலம் என்பதை அந்த ஆளுயரக் கோடு காட்டும்.

கேள்வி: இதை எங்கள் வகுப்பில் செய்து பார்க்கலாமா?
- அதே மாணவி

செய்யலாம். பிறவுண் பேப்பரை ஆள் நீளத்துக்கு ஒட்டிக்கொள். கரித்துண்டு போதும். படுப்பவர் கண்ணை மூடட்டும். காதோரம் கரி உரசும் சத்தம் கேட்கும்போது, இது யாருடைய இடம் என்ற எண்ணம் தானாக வரும். ஆனால் வீட்டில் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால், முதல்நாளே தனியாகக் கேள். வேண்டாம் என்றால் வேறு பயிற்சி செய்யுங்கள்.