இந்தியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான ஒருவர், ஈ-ஆப் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில், பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்எஃப்-86 என்ற பின்னணி விசாரணைப் படிவத்தை நிரப்பும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேட்டவர் சில வருடங்களுக்கு முன் குடியுரிமை பெற்றவர். அரசு ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகி, பின்னணி விசாரணைக்கான ஈ-ஆப் அழைப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், கொஞ்சம் நிலம் இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது, இதையெல்லாம் எழுதினால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். நானும் மேரிலாந்தில் இதே நிலையில் இந்தப் படிவத்தை நிரப்பியவன். ஆரம்பத்தில் பழைய ஈ-க்விப் தளத்தில், பிறகு ஈ-ஆப்பில். அதற்கப்புறம் நண்பர்கள் பலர் நிரப்பும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். எந்தத் துறை, என்ன வேலை என்பதைப் பொதுவெளியில் எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள்.

பயத்துக்குப் பதில் முதலில். பெற்றோர் இந்தியாவில் இருப்பது என்ற ஒரே காரணத்தை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதுகாப்பு அனுமதி தருவது பற்றிய வழிகாட்டு விதிகளில் 13 தலைப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தொடர்பு அதில் ஒன்று. கடன், குடிப்பழக்கம், உண்மையை மறைத்தல் போன்றவையும் அதே பட்டியலில்தான் வருகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து முழு ஆளையும் பார்க்க வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. நம் ஆட்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் உறவுகளால் இல்லை. உறவுகளைக் குறைத்துக் காட்டப் போய்த்தான் சிக்குகிறார்கள். படிவத்தைப் படிக்கப் போகிறவர் உங்களை முன்பின் பார்க்காதவர், உங்கள் ஊரையும் அறியாதவர். அவர் ஒவ்வொரு வரியையும் தானாகச் சரிபார்க்க முடிகிற மாதிரி எழுதினால் போதும். மற்ற கவலைகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

தளத்தைப் பற்றிச் சுருக்கமாக. முன்பு ஓபிஎம் என்ற அரசுப் பணியாளர் அலுவலகத்தின் ஈ-க்விப் இருந்தது. 2019 அக்டோபரில் பின்னணி விசாரணைப் பொறுப்பு பாதுகாப்புத் துறையின் கீழுள்ள டிசிஎஸ்ஏ அமைப்புக்குப் போனது. 2023-இல் ஈ-க்விப் இடத்துக்கு ஈ-ஆப் வந்தது. நீங்களாகப் போய்ப் பதிவு செய்ய முடியாது. வேலை தரும் துறையோ நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியோ அழைத்தால்தான் உள்ளே போகலாம். முடிக்க ஒரு கெடுவும் வைப்பார்கள். அதை முதல் நாளே அதிகாரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு தகவலையும் இணையத்தில் கொடுப்பது பத்திரமா?" என்ற கேள்வியும் இருந்தது. நியாயமான கேள்விதான். 2015-இல் ஓபிஎம் கணினிகளில் ஊடுருவல் நடந்தது தெரியவந்தபோது, பின்னணி விசாரணை ஆவணங்கள் வழியாக 2.15 கோடி பேரின் விவரங்கள் திருடப்பட்டிருந்தன. 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. அந்தச் சமயத்தில் ஈ-க்விப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, சில வாரங்கள் தளத்தையே மூடி வைத்தார்கள். ஈ-ஆப் அதற்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. இந்த வேலை வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. உங்கள் கையில் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்: சொந்தக் கணினியில், வீட்டு இணையத்தில், தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். சொந்தக்காரப் பையனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து "நீயே போட்டுவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, தண்டனையும் உங்களுக்குத்தான். தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து வருடம் வரை சிறை என்று படிவம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது.

உள்ளே நுழைவதற்கு முன்பே காகிதங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலக் குடியேறி வந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குடியுரிமைக்காக நிரப்பிய என்-400 விண்ணப்பத்தில் ஐந்து வருட முகவரி, வேலை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அதன் நகல்தான் உங்கள் அடித்தளம். விசாரிப்பவர்களால் உங்கள் குடியேற்றக் கோப்பையும் எடுத்துப் பார்க்க முடியும். அதில் ஒரு தேதி, இதில் வேறு தேதி என்று இருந்தால் காரணம் கேட்பார்கள். பழைய வேலைகளுக்கு வருமான வரித்துறையின் இணையக் கணக்கில் 'ஊதிய, வருமான' அறிக்கை கிடைக்கும். பத்து வருடத்தில் யார் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். ரத்து முத்திரை குத்தித் திரும்பி வந்த இந்தியக் கடவுச்சீட்டை வீசிவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் பயணப் பகுதிக்கு வேண்டும்.

இப்போது பெயர் விவகாரம். தமிழர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். குமரேசன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, பெயர் இடத்தில் குமரேசன். அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் எஃப்என்யு ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), கடைசிப் பெயர் குமரேசன். முதல் ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே ஏறியிருக்கும். குடியுரிமை வாங்கும்போது அப்பா பெயரைச் சேர்த்து குமரேசன் சண்முகம் ஆகியிருப்பார். படிவத்தைப் பொறுத்தவரை இவை எல்லாமே தனித்தனிப் பெயர்கள். ஐந்தாவது பிரிவு நீங்கள் பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும், எப்போதிருந்து எப்போது வரை, ஏன் என்ற விவரத்தோடு கேட்கிறது. எஃப்என்யு என்பதெல்லாம் ஒரு பெயரா என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தமோ கடன் அட்டையோ இருந்திருந்தால் தேடலில் கட்டாயம் வரும்.

முகவரியும் வேலையும் பத்து வருடத்துக்கு வேண்டும், இடைவெளி இல்லாமல். ஒரு மாதம் விட்டுப்போனாலும் தளமே சுட்டிக்காட்டும். விசா காலத்தில் கன்சல்டன்சி வழியாக வேலை பார்த்தவர்கள் இங்கே நிதானமாகப் போக வேண்டும். உங்களுக்கு டபிள்யூ-2 என்ற வருடாந்திர சம்பள, வரிப் படிவத்தைக் கொடுத்தவர்தான் முதலாளி. தினமும் போய் உட்கார்ந்த கிளையண்ட் அலுவலகம் வேலை செய்த இடம். இரண்டும் வேறு முகவரி என்றால் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது, அதில் எழுதலாம். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் காத்திருந்த காலத்தை ப்ராஜெக்ட் காலம் மாதிரி நிரப்பாதீர்கள். எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள். கெஸ்ட் ஹவுஸில் நாலைந்து பேரோடு தங்கிய நாட்கள் இருந்தால், 90 நாளுக்குக் குறைவான தற்காலிகத் தங்கல், அது உங்கள் நிரந்தர முகவரியாகவோ அஞ்சல் முகவரியாகவோ இல்லை என்றால் எழுதத் தேவையில்லை. கடைசி மூன்று வருட முகவரி ஒவ்வொன்றுக்கும் உங்களை அங்கே பார்த்த ஒருவரின் பெயர் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், திடீரென்று விசாரணை அதிகாரி கதவைத் தட்டினால் பாவம் அவர் பதறிவிடுவார்.

பதினெட்டாவது பிரிவு உறவினர்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லாரும் இதில் வருவார்கள். இறந்தவர்களையும் எழுத வேண்டும். பிறந்த தேதியில்தான் முதல் முடிச்சு. என் அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டு வைத்திருக்கிறார்கள், அவர் வயதுக்காரர்கள் பலருக்கு இருப்பதுபோல. ஆதாரில் உள்ள தேதியைப் போட்டு, 'தோராயம்' என்ற கட்டத்தை டிக் செய்து, குறிப்புப் பெட்டியில் "பிறப்பு பதிவு செய்யப்படவில்லை, இந்திய அடையாள அட்டையில் உள்ள தேதி தரப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதினேன். பிறகு நேர்காணலில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. முகவரியிலும் இதே கதைதான். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் போடுங்கள். தென்காசிப் பக்கத்து ஊர் என்றால் பழைய ஆவணங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். 2019-இல் மாவட்டம் பிரிந்ததைக் குறிப்பில் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

அடுத்தது, அந்த உறவினருக்கு வெளிநாட்டு அரசு, ராணுவம், பாதுகாப்புத் தொழில், உளவுத்துறை இவற்றோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி. நம் வீடுகளில் அரசு வேலை இல்லாத குடும்பம் எது? அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றிருப்பார், மாமனார் போக்குவரத்துக் கழகம், அக்கா மின்வாரியம். "இதெல்லாம் சாதாரண வேலை, இதைப் போய் அரசுத் தொடர்பு என்று எழுதணுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுத வேண்டும். சம்பளமோ ஓய்வூதியமோ அரசிடமிருந்து வருகிறது என்றால் 'ஆம்' போட்டு, பதவி என்ன, எந்த அலுவலகம், எந்த வருடம் ஓய்வு என்று விளக்குங்கள். அண்ணன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ, தம்பி பாரத் எலெக்ட்ரானிக்ஸிலோ இருந்தால் அது நேரடியாகப் பாதுகாப்புத் தொழில். அதில் கேள்வி வரும். வரட்டும், அவர் அங்கே கணக்குப் பிரிவில் இருக்கிறார் என்று உண்மையைச் சொன்னால் முடிந்தது. அவர்களே தேடிக் கண்டுபிடித்து, "இதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கும் நிலைதான் மோசம்.

எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். அம்மாவிடம் தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் 'மாதம் ஒருமுறை' என்று எழுதுவது எனக்குப் புரியவே இல்லை. அம்மாவோடு பேசுவது குற்றமா என்ன?

சித்தப்பா, அத்தை, மச்சான், கூடப் படித்தவர்கள் இந்தப் பிரிவில் வரமாட்டார்கள். கடந்த ஏழு வருடத்தில் பாசத்தாலோ கடமையாலோ நெருங்கிய, தொடர்ந்த தொடர்பில் இருந்த வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால் பத்தொன்பதாவது பிரிவில் வருவார்கள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரையும் எழுதச் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் யார் வீட்டில் தங்குகிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று யோசியுங்கள், பட்டியல் தானாக வந்துவிடும்.

பணம், நிலம் என்று இருபதாவது பிரிவு. இதில் பல கேள்விகள் ஏழு வருடத்தோடு நிற்பதில்லை, 'எப்போதாவது' என்று கேட்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கிகளில் வைக்கும் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கு, பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி, பங்குகள், அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கு எல்லாம் இங்கே. வெளிநாட்டுக் குடிமகன் யாருக்காவது எப்போதாவது பண உதவி செய்ததுண்டா என்று ஒரு கேள்வி உண்டு. மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பிய பணமும், தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்ததும் இதில் சேர்த்திதான். நிலத்தில் இன்னொரு நுணுக்கம்: இப்போது சொந்தமாக இருப்பது மட்டும் இல்லை, இனி வரக்கூடியதையும் கேட்கிறார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்து, பாகம் பிரிக்காமல் கிடக்கும் பூர்வீகச் சொத்தில் உங்களுக்கும் பங்கு வரும் என்றால், அதையும் தோராய மதிப்போடு எழுதுங்கள்.

இதை நிரப்பும்போது வரிக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்று இப்போது தெரிந்தால், படிவத்தில் கணக்கை மறைப்பது தீர்வு இல்லை. நல்ல வரி ஆலோசகரைப் பார்த்து முதலில் அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள். உள்ளூர்க் கடனையும் கவனியுங்கள். கடன் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்த்து, வசூலுக்குப் போன பழைய பில் ஏதாவது இருந்தால் கட்டிவிடுங்கள்.

போலீஸ், குடி, போதைப் பகுதிகள் பெரும்பாலோருக்குச் சில நிமிட வேலை. ஒன்று மட்டும்: மேரிலாந்தில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்பதால் அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்காதீர்கள், படிவம் மத்தியச் சட்டத்தின்படி கேட்கிறது.

அனுப்பிய பிறகு நீங்களாகத் திருத்த முடியாது. பாதுகாப்பு அதிகாரி பார்த்துவிட்டு, குறை இருந்தால் திருப்பி அனுப்புவார். அது சாதாரணமாக நடப்பதுதான், பதற வேண்டாம். அனுப்பும் முன் பிடிஎஃப் நகலைக் கட்டாயம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் அதிகாரி வரி வரியாகக் கேட்பார், முந்தின இரவு அதை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம். ஏதாவது விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே ஆரம்பத்தில் சொல்லிவிடுங்கள். நடுவில் ஊருக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால், போட்ட பிறகு இல்லை, போடுவதற்கு முன்பே உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது பிரிவில் சந்தேகம் இருந்தால் கருத்தில் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். ஆனால் உங்கள் சொந்த விவரங்களை அங்கே போட வேண்டாம்.