பொண்ணு பாட்டனி கேக்குறா, விடலாமா?

சார், உங்க பொண்ணு நீட் மார்க் வரலன்னு வேற வழியில்லாம பாட்டனி கேக்கல, செடிங்கள பாத்து பேரு கண்டுபிடிக்கறதுல பைத்தியமா இருக்கான்னு நீங்களே சொல்றீங்க. அப்ப பயம் பாட்டனி மேல வேணாம், பி.எஸ்சி.யோட நிறுத்திடுவோமோன்னுதான் பயப்படணும். வெறும் டிகிரிக்கு இந்த லைன்ல வேலை கஷ்டம், எம்.எஸ்சி. சேத்து அஞ்சு வருஷம்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.

"இப்பல்லாம் டிஎன்ஏ டெஸ்டு வந்தாச்சு, செடி வகைப்பாடு எவனுக்கு வேணும்"னு உங்க மச்சான் சொன்னாராமே. டெஸ்டு ரிசல்ட்ட ஒப்பிட்டு பாக்க ஒரு அசல் செடி வேணும்ல, அது இன்னதுதான்னு யாரு சொல்லுவா? கீழாநெல்லியவே எடுத்துக்கோங்க, மருந்து கம்பெனிக்கு மூட்டையில வர்றப்ப அதே ஜாடையில இருக்கற வேற ஜாதியும் கலந்து வரும், நம்ம கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். லென்ஸ் வெச்சு பூவ பாத்தா கீழாநெல்லிக்கு (ஃபில்லாந்தஸ் அமாரஸ்) அஞ்சு இதழ், அதே ஜாடையில இருக்கற ஃபில்லாந்தஸ் ஃப்ராடெர்னஸுக்கு ஆறு. இத பாத்து கையெழுத்து போடற ஆளு கம்பெனிக்கு வேணும். அரும்பாக்கத்துல இருக்கற சித்தா ஆராய்ச்சி கவுன்சில் மாதிரி இடங்களுக்கும், சுற்றுச்சூழல் ரிப்போர்ட் எழுதற கன்சல்டன்சிகளுக்கும் வேணும். ஆரம்பத்துல பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைதான், சம்பளமும் ஐடி பசங்க மாதிரி வராது, அதையும் சொல்லிடறேன்.

கவர்மென்ட் வேலைன்னா 1890-ல ஆரம்பிச்ச இந்திய தாவரவியல் ஆய்வகம் இருக்கு, ஹெட் ஆபீஸ் கொல்கத்தா, நம்ம பக்கத்துக்கு கோயம்புத்தூர். போஸ்டிங் கம்மி, அத மட்டும் நம்பி உக்காராதீங்க. வாத்தியார் வேலைக்கு நெட், டிஆர்பி பரீட்சை எழுதலாம், ஐஎஃப்எஸ் (ஃபாரஸ்ட் ஆபீசர் பரீட்சை) எழுதவும் பாட்டனி டிகிரி செல்லும்.

காலேஜ் செலக்ட் பண்றப்ப பில்டிங்க பாக்காதீங்க, ஹெர்பேரியம், அதாவது காயவெச்ச செடிங்கள பேரு எழுதி சேத்து வெக்கற ரூம், எங்க இருக்குன்னு கேளுங்க, பூட்டு தொறந்து காட்டுறாங்களான்னு பாருங்க. தாம்பரம் எம்சிசி (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்) மாதிரி கேம்பஸுக்குள்ளயே காடு இருந்தா இன்னும் நல்லது.

அட்மிஷனுக்கு முன்னாடி ஒண்ணு பண்ண சொல்லுங்க. உங்க தெரு காலி மனையில குப்பைமேனி, நாயுருவி, தும்பை எல்லாம் இருக்கும், பூவோட பறிச்சு பேப்பர் நடுவுல வெச்சு வெயிட் போட்டு காயவெக்கட்டும், பேப்பர தினம் மாத்தணும், இல்லன்னா பூஞ்சை புடிச்சிடும். தேதி, இடம், முக்கியமா பூ கலரு எழுதி வெக்கணும், காஞ்சா கலரு போயிடும். கிண்டி பார்க்குல மட்டும் கை வெச்சிடாதீங்க, நேஷனல் பார்க் சார், கேஸ் ஆயிடும். ஒரு இருபது செடி சேத்ததும் பொண்ணையும் ஃபைலையும் கூட்டிட்டு வாங்க, அப்பறம் எந்த காலேஜ்னு உக்காந்து பேசலாம்.