அமெரிக்க வலதுசாரிகளும் நாட்டுப் பாதுகாப்பும்: கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்க வலதுசாரிப் பத்திரிகைகளையும் செனட் விவாதங்களையும் வேலைவெட்டி இல்லாதவன் போல வருஷக்கணக்காகப் படித்து வருகிறேன். அதனால் கேட்கிறீர்கள், சொல்கிறேன். என் சாய்வு என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வரி, அரசாங்கத்தின் அளவு போன்ற விஷயங்களில் நான் அவர்கள் பக்கம்தான். போர் என்று வந்தால் மட்டும் அவர்களில் பாதிப் பேரோடு எனக்கு ஒத்துப்போகாது.

மோர்மிளகாய்: அண்ணே, குடியரசுக் கட்சி என்றாலே எங்கேயாவது குண்டு போடும் கட்சி என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களே உக்ரைனுக்குக் காசு தரமாட்டோம் என்கிறார்களே, எப்போது மாறினார்கள்?

புதுசாக மாறவில்லை தம்பி, பாதிப் பேர் பழைய வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1949-ல் அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தம் செனட்டில் 82-13 என்று நிறைவேறியபோது எதிர்த்து வாக்களித்தவர்களில் பெரிய தலை ஓஹாயோவின் ராபர்ட் டாஃப்ட். அந்தக் கட்சியின் மறுபெயர் மாதிரி 'மிஸ்டர் ரிபப்ளிகன்' என்று அழைக்கப்பட்டவர். ஐரோப்பாவுக்கு ஆயுதம் கொடுக்கும் சுமை நம் தலையில் விழும், ரஷ்யாவைச் சீண்டும் என்பது அவர் வாதம். 1952-ல் அவரைத் தாண்டி ஐசனோவர் வேட்பாளர் ஆனதும் அந்தக் குரல் அடங்கியது. அதன்பின் கம்யூனிச எதிர்ப்பு என்கிற ஒரே பசை எல்லோரையும் ஒட்டிவைத்தது. 1991-ல் சோவியத் போனது, பசையும் போனது. அடுத்த வருஷமே வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் பாட் புக்கானன், அதிபர் வேட்பாளர் தேர்வில் கட்சிக்குள்ளேயே அப்போதைய அதிபர் அப்பா புஷ்ஷை எதிர்த்து நின்றார். 2001 செப்டம்பர் தாக்குதல் கொஞ்ச காலம் மறுபடி ஒட்டியது.

2024 ஏப்ரலில் உக்ரைன் நிதி பிரதிநிதிகள் சபையில் 311-112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். அந்தக் கட்சியில் ஆதரித்தவர்கள் 101 பேர்தான். சபாநாயகர் அவர்கள் ஆள், மசோதாவைக் கொண்டுவந்ததும் அவரே, ஆனால் கட்சியில் பெரும்பான்மை எதிர்ப்பக்கம்.

நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன்: அமெரிக்க வலதுசாரிக்கு இரண்டு பயம். ஒன்று வெளியில் இருக்கிற எதிரி, இன்னொன்று வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கிற தன் சொந்த அரசாங்கம். ஒருவர் எழுதுவதைப் படிக்கும்போது எந்தப் பயம் பேசுகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வழிப்போக்கன்: ரேகன் மாதிரி ஒருவர் இருந்தால் இந்தக் குழப்பமே இருக்காது. அடிக்கு அடி கொடுப்பார்.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அவர் கட்சிக்காரர்கள் உட்பட. நடந்ததைப் பாருங்கள். 1983 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. லெபனானின் பெய்ரூட் விமான நிலையத்தை ஒட்டி அமெரிக்க மரைன் வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குள் வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று புகுந்து வெடித்தது. 241 அமெரிக்கர்கள் செத்தார்கள். பெரிய பதிலடி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ரேகன் படைகளைக் கப்பலுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார். நடுவில் கிரெனடாவில் இறங்கினார், உண்மைதான், ஆனால் அது சின்னத் தீவு, சீக்கிரம் முடிந்த வேலை. 1984 நவம்பரில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் வைன்பர்கர், முக்கியமான நலன் இல்லாமல், ஜெயிக்கிற எண்ணமில்லாமல், மக்கள் ஆதரவில்லாமல் படையை அனுப்பக்கூடாது என்று ஆறு நிபந்தனைகளை வரிசையாகவே வைத்தார்.

அப்புறம் 1987-ல் சோவியத் தலைவர் கோர்பச்சேவோடு உட்கார்ந்து நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு வலதுசாரிக் குழு ஒன்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது: ஒரு பக்கம் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டன் பிரதமர் சேம்பர்லினும் ஹிட்லரும், இன்னொரு பக்கம் ரேகனும் கோர்பச்சேவும். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி சத்தியம் செய்கிற கூட்டம் அன்றைக்கு அவரை ஏமாளி என்று திட்டியது. செனட் 93-5 என்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் ரேகனின் சாமர்த்தியமே இதுதான்: ஆயுதத்தைக் குவித்தார், பயன்படுத்துவதில் கஞ்சத்தனம் காட்டினார்.

கணக்கப்பிள்ளை: சார், நாட்டுப் பாதுகாப்பு என்று அவ்வளவு பேசுகிறவர்கள் உளவு பார்க்கும் சட்டத்தை மட்டும் ஏன் எதிர்க்கிறார்கள்? புரியவில்லை.

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008-ல் வந்த 702-ஆம் பிரிவு, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரின் மின்னஞ்சல், தொலைபேசித் தகவல்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனி நீதிமன்ற ஆணை இல்லாமல் சேகரிக்க அனுமதிக்கிறது. இதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்த வெளிநாட்டவர் ஒரு அமெரிக்கரோடு பேசியிருந்தால் அமெரிக்கர் பேசியதும் சேர்ந்தே சேகரிப்பில் விழுகிறது. அதற்குள் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஒரு அமெரிக்கரின் பெயரைப் போட்டுத் தேடலாமா, தேட நீதிபதியின் அனுமதி வேண்டுமா? சண்டை இங்கேதான்.

2024 ஏப்ரலில் அனுமதி கட்டாயம் என்ற திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 212-212. சமமாக வந்தால் தோற்றதாகக் கணக்கு. இரண்டு கட்சியிலும் இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். சபாநாயகர் மைக் ஜான்சன் எதிர்த்து வாக்களித்தார். சாதாரண உறுப்பினராக இருந்தபோது அதே அனுமதியை ஆதரித்தவர்! கேட்டதற்கு, சபாநாயகர் ஆன பிறகு ரகசிய அறையில் உளவுத்துறை தந்த விளக்கத்தைக் கேட்டு மனம் மாறியதாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பயமான வெளி எதிரி பெரிதாகத் தெரிகிறது, வெளியே நிற்கும்போது இரண்டாவது பயமான சொந்த அரசாங்கம். எனக்கு அந்த விளக்கம் திருப்தியாக இல்லை. ரகசிய அறைக்குள் போனவர்கள் எல்லோரும் ஒரே மனதோடு வெளியே வருகிறார்கள் என்றால் சந்தேகப்படுவதும் உறுப்பினரின் வேலைதான்.

வலதுசாரிகளுக்கு இந்தக் கோபம் ஏறியதற்குக் காரணம் கார்ட்டர் பேஜ் வழக்கு. டிரம்பின் 2016 பிரச்சார ஆலோசகரை ஒட்டுக்கேட்க எஃப்.பி.ஐ. வாங்கிய ஆணைகளின் விண்ணப்பங்களில் 17 பெரிய தவறுகளும் விடுபடல்களும் இருந்ததாக நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். ஒரு திருத்தம்: அது 702 இல்லை, அதே சட்டத்தின் வேறு பகுதி, நீதிமன்ற ஆணையோடு நடந்தது. தொலைக்காட்சியில் கத்துகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

இரவுப்பறவை: இராக்கில் பொய் சொல்லிப் போர் தொடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வக்காலத்து வாங்குவது வெட்கமாக இல்லையா?

வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் போர் தப்பு. பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை, அதற்குமேல் என்ன பேச? ஆனால் வலதுபக்கத்தில் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். போருக்கு அனுமதி தரும் 2002 அக்டோபர் வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் பிரதிநிதிகள் சபையில் ரான் பால் உள்ளிட்ட ஆறு பேர், செனட்டில் லிங்கன் சேஃபி ஒருவர். புக்கானன் அந்த வருஷமே நண்பர்களோடு தனிப் பத்திரிகை தொடங்கினார். போர் தொடங்கிய நேரத்தில் நேஷனல் ரிவ்யூ என்ற வலதுசாரிப் பத்திரிகையில் எழுத்தாளர் டேவிட் ஃபிரம் இவர்களைத் தேசபக்தி இல்லாதவர்கள் என்றே எழுதினார்.

கணக்கு தீர்ந்தது 2016 பிப்ரவரியில். தென் கரோலைனாவின் கிரீன்வில்லில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் விவாதம். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த மாநிலம், புஷ் குடும்பத்துக்கு வேண்டிய ஊர். போர் தொடுத்த அதிபர் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ் பக்கத்தில் நிற்க, இராக்கில் ஆயுதம் இருப்பதாகப் பொய் சொன்னார்கள் என்று டிரம்ப் மேடையிலேயே சொன்னார். கூட்டம் ஊளையிட்டது. ஆள் ஒழிந்தார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஒரே வாரத்தில் அந்த மாநிலத்தில் அவர்தான் ஜெயித்தார், ஜெப் புஷ் அன்றிரவே விலகினார். அரங்கத்தில் இருந்தவர்கள் கட்சிக்காரர்கள், வாக்குச்சாவடியில் நின்றவர்கள் போருக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள்.

புதுவாசகி: அப்படியானால் 2025 ஜூனில் டிரம்பே ஈரானை அடித்தாரே?

அடித்தார். ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபகான் என்ற மூன்று அணுசக்தி நிலையங்களிலும். அதற்குச் சில நாள் முன்னால்தான் வலதுசாரி ஊடகப் பேச்சாளர் டக்கர் கார்ல்சன், குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸைப் பேட்டி எடுத்து, ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டார். குரூஸுக்குத் தெரியவில்லை. கவிழ்க்க நினைக்கிற நாட்டைப் பற்றி இதுகூடத் தெரியாதா என்று பிடித்துக்கொண்டார். அன்றைக்கு இருவரும் டிரம்ப் ஆதரவாளர்கள், கவனியுங்கள். குடியரசுக் கட்சியில் கென்டக்கியின் தாமஸ் மாஸி, ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவோடு சேர்ந்து, நாடாளுமன்ற அனுமதியில்லாமல் போர் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். சட்டப்படி கேட்டால் மாஸி பக்கம் நியாயம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் முறையாகப் போர் அறிவித்தது கடைசியாக 1942-ல். 1973-ல் நிக்சனின் தடையை மீறி நிறைவேற்றிய போர் அதிகாரச் சட்டம் 48 மணி நேரத்தில் தகவல், 60 நாளில் அனுமதி என்கிறது. எந்தக் கட்சி அதிபரும் அதை மனதார மதித்ததில்லை.

கணக்கப்பிள்ளை: சார், இன்னொன்று. இவ்வளவு ராணுவச் செலவுக்கு ஏது பணம்?

கடன்தான். 2024 நிதியாண்டில் வட்டிக்குக் கட்டிய தொகை ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. சிக்கனம் பேசுகிற கட்சிக்கு இது பெரிய சங்கடம், அதனால்தான் நேட்டோ நாடுகளைப் பிடித்து உலுக்குகிறார்கள். 2025-ல் ஹேக் மாநாட்டில் 2035-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதம் பாதுகாப்புக்கு என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள், அதில் நேரடி ராணுவச் செலவு 3.5.

மோர்மிளகாய்: கடைசியாக ஒன்று. இந்தியாவுக்கு நல்லது எந்தக் கட்சி?

தம்பி, 1971-ல் வங்கதேசப் போரின்போது வங்கக்கடலுக்கு என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பிய நிக்சனும் அதே கட்சி, 2008-ல் அணுசக்தி ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்த புஷ்ஷும் அதே கட்சி, 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்ட டிரம்பும் அதே கட்சி. அவர்களுக்கு அந்தந்த நேரத்தில் பாகிஸ்தான், சீனா, ரஷ்ய எண்ணெய் இதில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதைப் பொறுத்து நம்மைப் பார்க்கிறார்கள். கட்சி பெயரை வைத்து மட்டும் பந்தயம் கட்டாதீர்கள்.